வீதிக்கு வந்த வரதர்

காஞ்சிபுரத்துக்குக் கடல் கிடையாது. பாலாறும் வேகவதியும் உண்டு என்று பூகோளப் புத்தகம் சொல்லும். ஆனால் ஆண்டில் பெரும்பகுதி அந்த இரண்டு ஆறுகளிலும் கண்ணுக்குத் தெரிவது மணல்தான். இருந்தாலும் வைகாசி மாதத்தில் ஒரு நாள், பொழுது புலருமுன்னே, அந்த ஊரில் அலையோசை கேட்கும். சின்னக் காஞ்சிபுரத்தில் ஏதாவது ஒரு திண்ணையில் இடம் பிடித்து உட்கார்ந்தவர்களுக்கு அந்த ஓசை நன்றாகத் தெரியும். முதலில் தொலைவில் ஓர் இரைச்சல், பிறகு நாகஸ்வரமும் தவிலும், பிறகு ஆயிரக்கணக்கான தொண்டைகளிலிருந்து ஒரே குரலில், "வரதா! வரதா!" மேற்கு ராஜகோபுரத்தின் வாசலில், தீவட்டி வெளிச்சத்தில், பொன்மயமான கருடன் தலை தெரியும். அவன் தோளில் வரதராஜர் அமர்ந்திருப்பார்.

இதுதான் காஞ்சிக் கருட சேவை. வைகாசிப் பிரும்மோற்சவம் பத்து நாள் நடக்கிறது. மூன்றாம் நாள் கருடன். ஏழாம் நாள் தேர். ஒன்பதாம் நாள் அனந்தசரஸ் என்னும் திருக்குளத்தில் தீர்த்தவாரி. தேர் பெரியதுதான். ஆனாலும் ஊர் காத்திருப்பது மூன்றாம் நாளுக்காக. அன்றைக்குப் பெருமாள் தம் சந்நிதித் தெருவோடு நின்றுவிடுவதில்லை. விளக்கொளிப் பெருமாள் கோயில் பக்கம் போய், நெசவாளர்கள் நிறைந்த பிள்ளையார்பாளையத்தில் புகுந்து, கச்சபேசுவரர் கோயிலைக் கடந்து, பெரிய காஞ்சிபுரத்தின் ராஜவீதிகளைச் சுற்றி, கங்கைகொண்டான் மண்டபத்தில் இளைப்பாறிவிட்டு, நடு வெயிலில் காந்தி சாலை வழியாகத் திரும்புகிறார். விஷ்ணு காஞ்சியிலிருந்து சிவ காஞ்சிக்குப் போய் வருகிற பயணம் அது. பல மைல் தூரம். ஸ்ரீபாதந்தாங்கிகளின் தோள்கள் அன்றைக்குப் படும் பாட்டை அவர்களைக் கேட்டால்தான் தெரியும்.

வைணவர்களிடையே ஒரு வழக்கு உண்டு. ஸ்ரீரங்கத்தில் நடை அழகு, திருப்பதியில் வடை அழகு, காஞ்சிபுரத்தில் குடை அழகு என்பார்கள். திருப்பதி வடையை ருசித்தவர்கள் ஒப்பிடுவதற்குத் தயங்கலாம். ஆனால் வரதருக்குப் பிடிக்கும் குடைகளைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். அந்தக் குடையைப் பற்றி ஒரு கதை இருக்கிறது. சோளிங்கபுரத்தில் தொட்டையாசாரியர் என்று ஒரு மகான் 16-ஆம் நூற்றாண்டில் இருந்தார். ஆண்டுதோறும் கருட சேவைக்கு நடந்தே காஞ்சிக்கு வந்துவிடுவார். சோளிங்கபுரத்துக்கும் காஞ்சிக்கும் ஐம்பது கிலோமீட்டருக்குக் குறையாது. ஓர் ஆண்டு உடம்பு இடம் கொடுக்கவில்லை. கருடன் புறப்படும் வேளை என்று தெரிந்தது. ஊரில் தக்கான் குளக்கரையில் நின்று கண்ணீர் விட்டார். அங்கேயே அவருக்குக் கருட சேவை கிடைத்தது என்பது கதை. அந்த நினைவாக இன்றைக்கும் கோபுர வாசலில் ஒரு கணம் பெருமாளைக் குடைகளால் மறைக்கிறார்கள். அந்தக் கணத்தில் வரதர் காஞ்சியில் இல்லை; சோளிங்கபுரம் போயிருக்கிறார் என்பது ஐதிகம். பிறகு குடை விலகும். மறுபடியும் "வரதா!" என்று ஊர் அதிரும்.

நான் இந்தக் கதையை முதன்முதலில் கேட்டபோது, வர முடியாத ஒரு கிழவருக்காகப் பெருமாள் ஐம்பது கிலோமீட்டர் போய் வந்தாரே என்றுதான் வியந்தேன். காஞ்சியின் சரித்திரத்தைப் படித்த பிறகு அந்தக் குடை மறைப்புக்கு வேறொரு பொருளும் உண்டு என்று தோன்றுகிறது. ஒரு கணம் ஊரில் பெருமாள் இல்லை என்பது வெறும் பாவனை அல்ல. உண்மையாகவே அவர் ஊரில் இல்லாத காலம் இருந்திருக்கிறது. அது ஒரு கணம் அல்ல, இருபத்திரண்டு ஆண்டுகள்.

திருவிழாக்களைப் பற்றி நமக்கு ஒரு நினைப்பு இருக்கிறது. அவை ஆதிகாலம் தொட்டு ஒரு குறையுமில்லாமல் நடந்து வருகின்றன. நம் தலைமுறையில்தான் எல்லாம் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்கிறோம். காஞ்சிக் கருட சேவையின் கதை இந்த நினைப்பைக் கலைத்துவிடுகிறது. அது பலமுறை அறுந்திருக்கிறது. அறுந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் முடி போட்டிருக்கிறார். அந்த யாரோ ஒருவர் பெரும்பாலும் நாம் எதிர்பார்க்கும் ஆளாக இருப்பதில்லை.

நல்ல காலத்திலிருந்தே தொடங்குவோம். விஜயநகர மன்னர்கள் காஞ்சியை அள்ளி அள்ளி அலங்கரித்தார்கள். கிருஷ்ணதேவராயர் 1514-ல் வரதராஜருடைய புண்யகோடி விமானத்துக்குப் பொன் வேய்ந்தார். அவருக்குப் பின் வந்த அச்சுதராயர் காஞ்சிக்கு வந்து முத்துக்களால் துலாபாரம் புகுந்தார். அப்போதும் ஊரில் ஒரு வழக்கு இருந்தது. வரதராஜர் கோயிலுக்கும் ஏகாம்பரநாதர் கோயிலுக்கும் கிராமங்களைச் சமமாகப் பகிர்ந்து கொடுக்கும்படி அரசர் கட்டளையிட்டிருந்தார். நிறைவேற்ற வேண்டிய நாயகர் ஏகாம்பரநாதருக்குக் கொஞ்சம் கூடுதலாக ஒதுக்கிவிட்டார். அரசர் தலையிட்டு இரண்டையும் சமன் செய்ததைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். பெரிய காஞ்சிக்கும் சின்னக் காஞ்சிக்கும் உள்ள அண்ணன் தம்பிப் பூசல் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். அந்தப் பூசலுக்கு நடுவேதான், ஆண்டுக்கொரு முறை, சின்னக் காஞ்சிப் பெருமாள் பெரிய காஞ்சியின் வீதிகளுக்கு விருந்தாளியாகப் போய்விட்டு வருகிறார்.

16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் வேங்கடபதிராயர் காலத்தில் கோயில் பொறுப்பு எட்டூர் குமார தாதாசாரியார் கையில் இருந்தது. ஊருக்குத் தெற்கே அவர் வெட்டிய ஏரி போன்ற குளத்தை இன்றும் ஐயங்கார்குளம் என்கிறார்கள். பக்கத்தில் தரைக்குள் படியிறங்கிப் போகும் நடவாவிக் கிணறு இருக்கிறது. சித்ரா பௌர்ணமி இரவு வரதர் அங்கே எழுந்தருளுவார். கோயிலுக்கு வாகனங்கள் செய்து வைத்து உற்சவங்களை விரிவாக்கியவர்களில் தாதாசாரியார் முக்கியமானவர். இன்று நாம் பார்க்கிற பிரும்மோற்சவத்தின் கோலாகலத்துக்கு அந்தக் காலத்தில்தான் கை வைத்தார்கள் என்று சொல்லலாம்.

அந்தக் கோலாகலம் நூறு ஆண்டுகூட நிம்மதியாக இருக்கவில்லை. 1688-ல் ஔரங்கசீப்பின் படைகள் தெற்கே வந்துகொண்டிருந்தன. காஞ்சியில் பீதி பரவியது. வரதராஜர், ஏகாம்பரநாதர், காமாட்சி ஆகிய மூன்று கோயில்களின் உற்சவ மூர்த்திகளையும் ஊரைவிட்டு வெளியேற்றிவிடுவதென்று முடிவு செய்தார்கள். பகிரங்கமாகக் கொண்டுபோக முடியாது. பிணத்தைச் சுமப்பதுபோல் பாடை கட்டி மறைத்துக் கொண்டு போனார்கள் என்று வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள்.

இதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆண்டுதோறும் பொன் கருடனில் ஏறி, குடை பிடித்து, மேளம் கொட்டி, அந்த வீதிகளில் ராஜாவைப் போல் வந்த பெருமாள், அதே வீதிகள் வழியாகப் பிணம் போல் வெளியேறினார். பார்த்தவர்கள் கையெடுத்துக் கும்பிடக் கூடாது. கும்பிட்டால் காட்டிக்கொடுத்ததாகும். யாரோ செத்துப்போனார்கள் என்று ஒதுங்கி நின்றிருக்க வேண்டும். உண்மை தெரிந்த ஒன்றிரண்டு பேர் அந்த நேரத்தில் முகத்தை எப்படி வைத்துக்கொண்டார்களோ! நான் எழுதுகிற நாவல்களில் இப்படியொரு காட்சியை வைத்தால், மிகைப்படுத்திவிட்டேன் என்பார்கள்.

வரதர் உடையார்பாளையம் பாளையக்காரரிடம் அடைக்கலம் புகுந்தார். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். காமாட்சியின் பொன் திருமேனி அலைந்து அலைந்து தஞ்சாவூர் போய்ச் சேர்ந்தது. திரும்பி வரவே இல்லை. பங்காரு காமாட்சியாக அவள் இன்றும் அங்கேயே இருக்கிறாள். வரதர் விஷயமும் அப்படித்தான் முடிந்திருக்க வேண்டும். காஞ்சியில் வைகாசி மாதம் வந்தது, போயிற்று. உற்சவ மூர்த்தியே இல்லாத ஊரில் வீதியுலா ஏது? அப்போது பிறந்த பிள்ளைகள் கருட சேவை என்றால் என்ன என்று தாத்தாவைக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் வளர்ந்திருப்பார்கள்.

ஆபத்து நீங்கிய பிறகும் பெருமாள் திரும்பவில்லை. காரணம், உடையார்பாளையத்தார் தர மறுத்தார்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் வீட்டில் வைத்துக் கொண்டாடிய விருந்தாளியை அனுப்ப யாருக்குத்தான் மனம் வரும்? ஆத்தான் ஜீயர் என்ற துறவி இதற்காகப் பாடுபட்டார். அவரிடம் பக்தி கொண்ட லாலா தோடர்மல் என்பவர் ஆற்காட்டு நவாப் சாதத்துல்லா கானின் அதிகாரிகளில் ஒருவர். படைபலமுள்ள மனிதர். ஜீயருக்காக அவர் முன்னின்று, 1710-ல் வரதரைக் காஞ்சிக்கு மீட்டு வந்தார். தாயார் சந்நிதிக்கு எதிரே உள்ள கல்வெட்டு இந்தச் செய்தியைச் சொல்கிறது. தோடர்மல்லும் அவர் தாயாரும் மனைவியும் சிலையாக அந்தக் கோயிலில் கைகூப்பி நிற்கிறார்கள். திரும்பி வந்த நாளை ஊர் மறக்கவில்லை; "உடையார்பாளையம் உற்சவம்" என்றே ஒன்றை ஏற்படுத்தி ஆண்டுதோறும் கொண்டாடி வருகிறது.

யாருக்குப் பயந்து பெருமாள் போனார், யாருடைய உதவியால் திரும்பினார் என்பதைக் கவனிக்க வேண்டும். மொகலாயர் படைக்குப் பயந்து போனார். மொகலாயருக்குக் கட்டுப்பட்ட நவாபின் அதிகாரியால் திரும்பினார். அந்த அதிகாரியோ வடநாட்டார். சரித்திரத்தை இரண்டு கட்சியாகப் பிரித்து, இவர்கள் நல்லவர்கள், அவர்கள் கெட்டவர்கள் என்று எழுதுகிறவர்களுக்குக் காஞ்சி எப்போதும் தொல்லை கொடுக்கும் ஊர்.

அதன் பிறகு அடுத்த சோதனை வர அதிக நாள் ஆகவில்லை. கர்நாடக யுத்தங்களில் காஞ்சி பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. கனத்த மதிலும் உயர்ந்த கோபுரமும் உள்ள கோயில், சிப்பாய் கண்ணுக்குக் கோட்டையாகத்தான் தெரியும். 1751-ல் பிரெஞ்சுக்காரர்கள் பக்கத்துப் படை கோயிலில் புகுந்துகொண்டது. கிளைவ் வந்து அதை வெளியேற்றினான். 1757-ல் பிரெஞ்சுப் படை மறுபடியும் வந்தது. கோயிலைப் பிடிக்க முடியாத ஆத்திரத்தில் ஊருக்குத் தீ வைத்துவிட்டுப் போயிற்று. 1780 செப்டம்பரில் காஞ்சிக்குப் பக்கத்தில் புள்ளலூரில் ஹைதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை அழித்தார்கள். காஞ்சியில் தங்கியிருந்த ஜெனரல் மன்ரோ, கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னைக்கு ஓட்டமெடுத்தான். ஓடியது அவன் மட்டுமல்ல. செங்கற்பட்டு ஜாகீர் முழுவதும் பாழாயிற்று. குடிகள் ஊரைக் காலி செய்தார்கள். ஏரிகள் உடைந்தன. விளக்கேற்ற எண்ணெய்க்கு வழியில்லாத கோயில்களில் உற்சவத்தைப் பற்றி யார் பேசுவார்கள்?

கருட சேவையன்று வரதர் மார்பில் ஓர் ஆபரணத்தைப் பார்க்கலாம். கிளைவ் மகரகண்டிகை என்று அதற்குப் பெயர். போருக்குப் போகும் வழியில் ராபர்ட் கிளைவ் நேர்ந்துகொண்டு செலுத்திய காணிக்கை என்கிறார்கள். ஆற்காட்டை வென்றவனா, பின்னால் 1798 முதல் 1803 வரை சென்னைக் கவர்னராக இருந்த அவன் மகன் எட்வர்டா என்று சரித்திரக்காரர்கள் விவாதிக்கலாம். நெரிசலில் நின்று எட்டிப் பார்க்கிற கிழவிக்கு எந்தக் கிளைவாக இருந்தால் என்ன? வெள்ளைக்காரன் கொடுத்தான், பெருமாள் போட்டுக்கொண்டார் என்பதோடு அவளுக்கு விஷயம் முடிந்தது.

மகரகண்டிகையைவிட எனக்குச் சுவையாகத் தோன்றுவது வேறொரு வெள்ளைக்காரரின் கதை. 1794-ல் செங்கற்பட்டு ஜாகீருக்கு லயனல் பிளேஸ் என்பவர் கலெக்டராக வந்தார். மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கதையில் வரும் துரை இவர்தான். மழை இரவில் உடையப்போன ஏரிக்கரையை ராமனும் லட்சுமணனும் வில்லேந்திக் காப்பதைக் கண்டு, தாயாருக்குச் சந்நிதி கட்டித் தந்தார் என்று நம் பாட்டிமார் சொன்ன அதே துரை. அந்தத் துரைக்குக் காஞ்சியிலும் வேலை இருந்தது. பாழான ஜாகீரில் மறுபடி குடிகள் வந்து உழ வேண்டும். உழுதால்தான் வரி வரும். குடிகள் வர என்ன செய்வது? ஏரியை வெட்டலாம், கால்வாயைத் தூர் எடுக்கலாம். அவற்றையும் பிளேஸ் செய்தார். ஆனால் மனிதன் தண்ணீருக்காக மட்டும் ஓர் ஊரைத் தன் ஊர் என்று சொல்வதில்லை என்பதை அவர் புரிந்துகொண்டார். 1796-ல் காஞ்சிக் கோயில்களின் நிர்வாகத்தைத் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பழுது பார்த்தார். குன்றிக் கிடந்த வைகாசி உற்சவத்துக்கு உயிர் கொடுத்தார். வரதருக்குத் தலையில் சூடும் ஆபரணம் ஒன்றும் செய்து அளித்தார்.

அவர் செய்தது பக்தியாலா, வரிக் கணக்காலா? இரண்டும் கலந்துதான் இருக்கும். நம்மில் கோயிலுக்கு நன்கொடை கொடுக்கிறவர்களுடைய மனத்தையும் இவ்வளவு நுணுக்கமாகத் துருவினால், பல பெயர்ப் பலகைகளைக் கழற்ற வேண்டியிருக்கும். திருவிழா நடந்தால் ஊர் கூடும், ஊர் கூடினால் ஊர் பிழைக்கும் என்று கண்ட அந்தத் துரையின் கணக்குச் சரியான கணக்கு. அதை மறுக்க முடியாது.

ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வில்லங்கமும் இருந்தது. கலெக்டர் நடத்தும் திருவிழா சர்க்கார் திருவிழா ஆகிவிடுகிறது. 1817-ல் வந்த சட்டத்தின்படி சென்னை மாகாணம் முழுவதும் கோயில் மேற்பார்வை கும்பினியின் ரெவின்யூ போர்டு கைக்குப் போயிற்று. தேர் இழுக்க ஆள் சேர்ப்பதுகூட உத்தியோகஸ்தர் வேலையாயிற்று. விருப்பமில்லாதவர்களைப் பலவந்தமாக வடம் பிடிக்க வைக்கிறார்கள் என்று பாதிரிமார்கள் குற்றம் சாட்டினார்கள். கிறிஸ்தவ அரசு விக்கிரகங்களுக்கு ஊழியம் செய்வதா என்று லண்டன் வரையில் கூச்சல் எழுந்தது. 1836-ல் சென்னையில் பிஷப் கோரியும் மற்றவர்களும் மகஜர் கொடுத்தார்கள். சென்னைப் படைத் தளபதி சர் பெரெக்ரின் மெயிட்லண்ட், தம் சிப்பாய்கள் திருவிழாக்களில் மரியாதை செலுத்துவதை ஏற்க முடியாமல் 1838-ல் பதவியையே விட்டுவிட்டார். 1840-களில் கும்பினி கோயில்களிலிருந்து கையை எடுத்துக்கொண்டது. 1863-ல் அதை முறைப்படி சட்டமாக்கினார்கள். பிறகு 1925-ல் சென்னை சட்டசபை அறநிலையச் சட்டம் கொண்டு வந்து, வேறு வாசல் வழியாகச் சர்க்காரை மறுபடி உள்ளே அழைத்தது.

இந்தக் கும்பினிக் காலத்திலேதான் இன்னொரு வழக்கும் கச்சேரி ஏறியது. வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் இடையே உள்ள வழக்கைத்தான் சொல்கிறேன். பெருமாளுக்கு முன்னால் பிரபந்தம் சேவிக்கிறவர்கள் யார், தொடக்கத்தில் எந்த ஆசாரியரை வணங்கும் சுலோகத்தைச் சொல்லுவது என்பதுதான் விவகாரம். வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். கோயில் யானைக்கு எந்த நாமம் போடுவது என்று சீமை வரை வழக்காடினார்கள் என்று ஒரு கதையைக் காஞ்சிக்காரர்களே சிரித்துக்கொண்டு சொல்வார்கள். சம்பந்தப்பட்டவர்களுக்கு இது சிரிப்பு அல்ல; தாத்தா செய்த கைங்கரியம் தன் கையில் இருக்கிறதா, போய்விட்டதா என்ற கேள்வி. ஒரு நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னால், அந்தத் தீர்ப்பில் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அடுத்த வழக்குத் தொடங்கும். 2022-ல் கூட இந்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒலித்தது. பெருமாள் புறப்பாட்டின்போது நடுவே போலீஸ்காரர்கள் நிற்பதைப் பார்ப்பது நல்ல காட்சி அல்ல.

ஆக, இந்தத் திருவிழா யாருடையது? தாதாசாரியார்களுடையதா, பிரபந்த கோஷ்டியாருடையதா, அறநிலையத் துறையுடையதா? தோடர்மல்லுக்கும் பிளேஸ் துரைக்கும் இதில் பங்கு உண்டா, இல்லையா?

இந்தக் கேள்வியைப் பிள்ளையார்பாளையத்தில் ஒரு முதிய நெசவாளரிடம் கேட்டேன். குழித்தறியில் கால் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அறுபது வருஷமாகத் தறி மிதித்த கால்கள்.

"எங்களுக்குக் கோயில்லே ஒரு உரிமையும் கிடையாதுங்க, ஐயா" என்றார். "தீர்த்தம் முதல்லே யாருக்கு, மாலை யாருக்குங்கிற சண்டையெல்லாம் உள்ளே. எங்களுக்கு வீதிதான். பாவு விரிக்கிற வீதி. அன்னிக்கு ஒரு நாள் பாவு கிடையாது. வாசல் தெளிச்சுக் கோலம் போட்டுட்டு நிப்போம். சாமி வரும். போகும். அவ்வளவுதான்."

பாவு விரிக்கிற வீதி என்று அவர் சொன்னதை விளக்க வேண்டும். பட்டு நெசவுக்குப் பாவு நூலை நீளமாக இழுத்து விரித்துச் சீர் செய்ய இடம் வேண்டும். வீட்டுக்குள் அவ்வளவு நீளம் ஏது? ஆகவே விடியற்காலையில் தெருவிலேயே இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் பட்டு நூலை நீட்டிவிடுவார்கள். வெயில் ஏறுமுன் வேலையை முடித்தாக வேண்டும். அந்த நேரத்தில் அந்தத் தெரு தெருவல்ல; தறியின் ஒரு பகுதி. ஆண்டு முழுவதும் அவர்கள் பிழைப்பு விரிகிற அதே வீதியில், அதே விடியற்காலை வேளையில்தான் கருடனும் வருகிறான். காஞ்சி நெசவாளர்களில் சைவர் உண்டு, வைணவர் உண்டு. தமிழ் பேசுகிறவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், சௌராஷ்டிரர்கள் என்று பல சமூகத்தார் உண்டு. வீட்டு வாசலுக்கு வந்த பெருமாளை எந்தச் சமூகமும் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தியதாகக் கேள்விப்படவில்லை.

அவர் தறியில் அப்போது ஒரு கோர்வைப் புடவை ஓடிக்கொண்டிருந்தது. உடல் பச்சை, கரை அரக்கு. உடலும் கரையும் வெவ்வேறு நிறம், வெவ்வேறு நாடா. இரண்டும் சந்திக்கிற இடத்தில் நூலோடு நூலைக் கோத்துப் பூட்ட வேண்டும். ஒருவர் கை போதாது. பக்கத்தில் துணையாள் ஒருவர் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ள வேண்டும். பழம் புடவையில் உடல் நைந்து கிழிந்தாலும் அந்தப் பூட்டு விடாது என்று காஞ்சியில் பெருமையாகச் சொல்வார்கள்.

"இப்போ துணைக்கு உட்காரத்தான் ஆள் இல்லை" என்றார் பெரியவர். அவருடைய பிள்ளைகள் இருவரும் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்குப் போய்விட்டார்கள். விடியற்காலை நாலு மணிக்குக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. கருட சேவையன்று லீவு கிடைக்குமா என்று கேட்டேன். "ஷிப்டைப் பொறுத்தது" என்றார்.

இதைக் கேட்டபோதுதான், ஔரங்கசீப்பின் படையைவிட, புள்ளலூர் யுத்தத்தைவிட, சத்தமில்லாத இன்னொரு சோதனை இந்தத் திருவிழாவுக்குக் காத்திருக்கிறதோ என்று எனக்குப் பட்டது. பெருமாள் இல்லாத வீதி ஒரு காலத்தில் இருந்தது. வீதியில் நிற்க ஆள் இல்லாமல் பெருமாள் மட்டும் வருகிற காலம் வந்தால்?

கூட்டத்துக்கு என்ன குறை என்று நீங்கள் கேட்கலாம். 2019-ல் அனந்தசரஸிலிருந்து அத்திவரதர் எழுந்தருளியபோது நாற்பத்தெட்டு நாட்களில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் காஞ்சிக்கு வந்தார்கள். நெரிசலில் சில உயிர்களும் போயின. அதற்கு முன்பு 1979-லும் அதற்கும் முன்பு 1937-லும் அவர் வெளிவந்தார். நாற்பதாண்டுக்கு ஒரு முறை நிகழ்வதைப் பார்க்க உலகமே வரும். அது விசேஷம். ஆனால் அங்கே ஜனங்கள் பெருமாளைத் தேடிப் போனார்கள்; வரிசையில் நின்றார்கள்; பார்த்தார்கள்; ஊருக்குத் திரும்பினார்கள். கருட சேவையில் நடப்பது இதற்கு நேர் எதிர். பெருமாள் ஜனங்களைத் தேடி வருகிறார். படுக்கையை விட்டு எழ முடியாத கிழவியைத் திண்ணைக்குத் தூக்கி வந்து உட்கார வைத்தால் போதும். ஆண்டுதோறும் வருகிறார் என்பதால்தான் அவள் போன ஆண்டையும் இந்த ஆண்டையும் ஒப்பிட்டு, "போன தடவை மாலை இன்னும் பெரிசு" என்று குறை சொல்ல முடிகிறது. குறை சொல்லும் உரிமை சொந்தக்காரர்களுக்குத்தான் உண்டு.

அத்திவரதர் மறுபடி நீருக்குள் போன மறு வருஷமே கருட சேவை இன்னொரு முறை அறுந்தது. கொரோனா நோயின் காரணமாக 2020-லும் 2021-லும் வீதியுலா இல்லை. முன்னூறு ஆண்டுகளுக்கு முன்பு படைக்குப் பயந்து அடங்கிய ஊர், இப்போது கண்ணுக்குத் தெரியாத கிருமிக்குப் பயந்து அடங்கியது. 2022 மே மாதம் கருடன் மறுபடி கோபுர வாசலுக்கு வந்தான்.

அந்த விடியற்காலையைப் பற்றிப் பெரியவர் சொன்னது இதுதான்: "ரெண்டு வருஷமா வாசல்லே கோலம் போட்டுப் போட்டு அழிச்சோம். வராதுன்னு தெரியும். ஆனா அந்த நாளுக்குப் போடாம இருக்க முடியலை. மூணாவது வருஷம் வந்துது."

1688-க்குப் பிறகும் இப்படித்தான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன். தோடர்மல்லின் பெயர் கல்லில் இருக்கிறது. பிளேஸ் துரையின் பெயர் தஸ்தாவேஜுகளில் இருக்கிறது. அவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் இருபத்திரண்டு வருஷம் வராத சாமிக்காக, வராது என்று தெரிந்தே வாசல் தெளித்துக் கோலம் போட்டவர்கள் இருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தோடர்மல் பெருமாளை மீட்டு வந்தபோது, இதுதான் வரதர், இதுதான் வீதி என்று அடையாளம் சொல்ல ஊரில் யார் இருந்திருப்பார்கள்?

விடைபெற்றுக் கிளம்பும்போது, "வைகாசிக்கு வாங்க, ஐயா. திண்ணை இருக்குது" என்றார் பெரியவர். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.